நீறு பூத்த நெருப்பு

சிவகாசிப் பக்கம் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? போகாதவர்கள்கூட அந்த ஊரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். அடுப்பங்கரையில் தீப்பெட்டி, சுவரில் தினசரிக் காலண்டர், தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு. பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதாம். மழையை நம்பிப் பிழைக்க முடியாத சீமை அது. அந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். 'மழை இல்லாவிட்டால் போகிறது, வெயில் இருக்கிறதே!' என்று வெயிலையே மூலதனமாக்கிக் கொண்டார்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பசை காய வேண்டும், காகிதம் காய வேண்டும், மருந்து காய வேண்டும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வெயிலைப்போல் இதற்குத் தோதானது வேறு எது?

ஊருக்கே சோறு போடும் அந்த வெயில், யாரோ ஒருத்திக்கு மட்டும் சத்துருவாகி விடுவதும் உண்டு. அவளைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். வயது இருபது, இருபத்திரண்டு. அரைமணி நேரம் வெயிலில் நின்று வந்தால் இரண்டு கன்னங்களும் மூக்குத் தண்டும் சிவந்து தடித்துப் போகின்றன. "வெயில் காந்தல்" என்கிறாள் தாயார். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றன. "காகிதக் குழாய் சுற்றுகிற கை, வலிக்காமல் என்ன செய்யும்?" என்கிறாள் பாட்டி. தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. "எல்லாம் இந்த உப்புத் தண்ணீரால்தான்" என்கிறாள் பக்கத்து வீட்டு அம்மாள். மாலையானால் உடம்பு கதகதவென்று சுடுகிறது. இரண்டு குடம் தண்ணீர் தூக்குவதற்குள் ஓய்ந்து உட்கார்ந்து விடுகிறாள். "வேறென்ன, சோம்பல்!" என்கிறார் தகப்பனார்.

பார்த்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்து விட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரே காரணமாக இருக்கக் கூடிய வியாதிகளில் ஒன்றின் பெயர் லூபஸ்.

ஓநாயும் வண்ணத்துப்பூச்சியும்

லூபஸ் என்பது லத்தீன் சொல். ஓநாய் என்று அர்த்தம். முகத்தை அரித்துப் புண்ணாக்கும் வியாதிகளைக் கண்ட பழைய ஐரோப்பிய வைத்தியர்கள், ஓநாய் கடித்துக் குதறியதுபோல் இருக்கிறதே என்று அந்தப் பெயரை வைத்தார்கள். 1845-இல் வியன்னா நகரத்து டாக்டர் ஹெப்ரா, கன்னத்துச் சிவப்பைப் பார்த்து, 'இது வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்ததுபோல் அல்லவா இருக்கிறது!' என்ற கருத்தில் எழுதி வைத்தார். இரண்டு கன்னங்களும் இரண்டு சிறகுகள். மூக்குத் தண்டு நடு உடல். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில் மட்டும் சிவப்பு இராது. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

வெகுகாலம் இதைத் தோல் வியாதி என்றே நினைத்திருந்தார்கள். 1872-இல் கபோசி என்பவரும், அவருக்குப் பிறகு வில்லியம் ஆஸ்லர் என்ற மகா வைத்தியரும், 'தோலோடு நிற்கிற சமாசாரம் இல்லை ஐயா இது. மூட்டு, இருதயம், நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகிறது' என்று எடுத்துக் காட்டினார்கள். ஆகவே முகத்தில் ஒன்றுமே தெரியாமலும் லூபஸ் இருக்கலாம். இது முக்கியமான விஷயம்.

வேலியே பயிரை மேய்ந்தால்...

நம் சரீரத்துக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும் அவை தயாரிக்கிற எதிர்ப்பொருள்களும்தாம் அந்தப் படை. கிருமி உள்ளே நுழைந்தால், 'இவன் நம் வீட்டு ஆள் இல்லை' என்று கண்டுபிடித்து அடித்து விரட்டும். வீட்டு ஆளையும் வேற்று ஆளையும் பிரித்து அறிவதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது.

லூபஸில் இந்தப் பகுத்தறிவு கெட்டுப் போகிறது. தன் வீட்டுப் பிள்ளையையே திருடன் என்று பிடித்து அடிக்கிறான் காவற்காரன். சொந்த உயிரணுக்களின் மையப்பொருளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்கள் உற்பத்தியாகின்றன. அவை ரத்தத்தோடு சென்று எங்கெல்லாம் படிகின்றனவோ அங்கெல்லாம் அழற்சி. மூட்டில் படிந்தால் வலி. தோலில் என்றால் சிவப்பு. சிறுநீரகத்தில் என்றால் அதன் சல்லடை கெட்டுப் போகிறது. தன்னுடல் தாக்கு நோய் என்று இப்போது இதற்குத் தமிழில் பெயர் சொல்கிறார்கள். 'வேலியே பயிரை மேய்வது' என்று நம் பாட்டிமார்கள் சொன்னதைவிட நன்றாக யாரால் விளக்க முடியும்?

இந்தக் குடும்பத்தில் லூபஸுக்கு உடன்பிறப்புகள் பல உண்டு. முடக்குவாதம் ஒன்று. 2022 அக்டோபரில் நடிகை சமந்தா தமக்கு இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னாரே, தசைகளைத் தாக்கும் மயோசைட்டிஸ், அது மற்றொன்று. அவர் சொன்ன பிறகு எத்தனையோ பேர், 'ஓகோ, இப்படி ஒரு வியாதி இருக்கிறதா!' என்று தெரிந்து கொண்டார்கள். மறைத்து வைத்திருந்தால் யாருக்கு லாபம்?

குச்சியும் பெட்டியும்

"என் பெண்ணுக்கு மட்டும் ஏன் வந்தது? நான் என்ன பாவம் செய்தேன்?" என்று தாய்மார்கள் அழுகிறார்கள். பாவமும் இல்லை, திருஷ்டியும் இல்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். குச்சியின் தலையில் ஒரு மருந்து; பெட்டியின் பக்கவாட்டில் வேறொரு மருந்து. குச்சியைச் சும்மா வைத்திருந்தால் பற்றிக் கொள்ளாது. பெட்டியும் தானாகப் பற்றாது. இரண்டும் உரசினால்தான் நெருப்பு.

லூபஸும் அப்படித்தான். பிறவியிலேயே சில மரபணுக்களின் சேர்க்கையால் ஒருத்திக்குக் குச்சி அமைந்து விடுகிறது. பெட்டியாக வந்து உரசுபவை வெளியே இருக்கின்றன: கடுமையான வெயில், சில வைரஸ் ஜுரங்கள், புகையிலைப் புகை, கல் உடைக்கும் இடங்களில் பறக்கும் சிலிகா தூசி, சில மருந்துகள். வெறும் பிறவிக் கோளாறு என்றால், ஒரே அச்சாகப் பிறந்த இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கும் வந்தே தீர வேண்டும். ஆனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இரட்டையருக்குத்தான் அப்படி வருகிறது. ஆகையால், தாய்க்கு இருந்தால் பெண்ணுக்கும் நிச்சயம் என்று பயப்பட வேண்டாம். ஒட்டுவாரொட்டியும் அல்ல. அவள் குடித்த டம்ளரில் நீங்களும் குடிக்கலாம். அவள் குழந்தையை அவளே முத்தமிடலாம்.

இந்த வியாதி ஸ்திரீகள் மேல்தான் கண் வைத்திருக்கிறது. பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்களே அதிகம். பெண்மைக்கு உரிய ஹார்மோன்களும், பெண்களுக்கு இரண்டாக அமைந்திருக்கும் 'எக்ஸ்' என்ற மரபு இழையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. படிப்பு, கல்யாணம், பிரசவம் எல்லாம் நடக்கிற காலத்தில் வந்து வாசலில் நிற்கிறது பாருங்கள்!

டில்லிக்கு அருகே கிராமங்களில் கணக்கெடுத்து 1993-இல் வெளியிட்டார்கள். லட்சம் பேருக்கு சுமார் மூன்று பேர் என்று வந்தது. அபூர்வம்தான். ஆனால் சென்னைப் பொது மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கென்றே தனித் துறையை வளர்த்த டாக்டர் ஏ. என். சந்திரசேகரனும் அவருடைய சகாக்களும், அங்கே வந்த லூபஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1988-லேயே 'சென்னை அனுபவம்' என்று எழுதினார்கள். கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் வியாதி கண்ணில் படுகிறது!

அணைந்ததுபோல் தோன்றும்

லூபஸ் நாள்பட்ட வியாதி. வரும், போகும், போனதுபோல் இருக்கும், போகாது. சில மாதம் கொழுந்து விட்டு எரியும். பிறகு அடங்கி, பெண் பழையபடி வளையவருவாள். வீட்டார், 'நோய் தீர்ந்தது' என்று மாத்திரையை விட்டெறிவார்கள். அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே வெளுத்திருக்கும், உள்ளே தணல் இருக்கும்.

உள்ளே எரிகிற இடங்களில் மிகவும் பொல்லாதது சிறுநீரகம். லூபஸ் வந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பேருக்கு எப்போதாவது ஒரு கட்டத்தில் அது பாதிக்கப்படுகிறது. வலி கிடையாது. காலையில் கண் இமை வீங்குவது, மாலையில் கால் வீங்கி மெட்டி இறுகுவது, சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைப்பது, இள வயதில் ரத்த அழுத்தம் கூடுவது—இவைதாம் அறிகுறிகள். இவைகூட இல்லாமலும் ஆரம்பிக்கலாம். ஆகவேதான், உடம்பு சௌக்கியமாக இருக்கும்போதும் டாக்டர் சொல்லும் கெடுவில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறோம். செலவு மிகக் குறைவு; காப்பாற்றுவதோ சிறுநீரகத்தை!

மேலே சொன்னவை தவிர, மேலண்ணத்தில் வலியில்லாத புண், மூச்சை இழுத்து விடும்போது மார்பில் குத்தல், ரத்தசோகை, குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுத்து நீலம் பாரிப்பது, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகியவையும் உண்டு. ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் லூபஸ் என்று மிரள வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். தலைமயிருக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர் என்று தனித்தனியே காட்டினால் யாருக்கும் முழுப் படமும் தெரியாது.

ரத்தத்தில் 'ஏ.என்.ஏ.' என்றொரு பரிசோதனை உண்டு. லூபஸ் உள்ளவர்கள் அநேகமாக எல்லோருக்கும் அது 'பாசிடிவ்' என்று வரும். ஆனால் நல்ல ஆரோக்கியமுள்ள சிலருக்கும் அப்படி வருவது உண்டு! எனவே காகிதத்தை மட்டும் பார்த்து அழுது தீர்க்காதீர்கள். காகிதத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்க டாக்டர் இருக்கிறார்.

நீலகிரியின் உறவு

சிவகாசியில் 'மருந்து' என்றால் வேறு அர்த்தம். நாம் பேசுவது அணைக்கிற மருந்து! அதன் பூர்வகதை சுவாரசியமானது. 1860-இல் நீலகிரி மலையில் சிங்கோனா மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அதன் பட்டையிலிருந்து கொய்னா எடுத்து மலேரியாவுக்குக் கொடுத்தார்கள். 1894-இல் லண்டன் டாக்டர் பெய்ன், கொய்னாவை லூபஸுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். மலேரியா மருந்துகளின் அந்த வழியில் வந்ததுதான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 1955-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இன்றைக்கும் லூபஸ் வைத்தியத்தின் அஸ்திவாரம் அதுதான். எரிவதைத் தடுக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, ஆயுளைக் கூட்டுகிறது. உடம்பு எடைக்கேற்ற அளவில் சாப்பிட வேண்டும். நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு விழித்திரையைத் தொடலாம் என்பதால், ஆரம்பத்தில் ஒருமுறையும் ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷந்தோறும் கண்ணைக் காட்ட வேண்டும்.

2020 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவுக்கு இதுதான் சஞ்சீவி என்று ஒரு பேச்சு கிளம்பியது. கண்டவர்களும் வாங்கி அலமாரியில் அடுக்கினார்கள். உண்மையில் வேண்டியவர்களோ மருந்துக் கடை கடையாக அலைந்தார்கள். அந்த ஜூன் மாதமே ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள், ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் நன்மை இல்லை என்று சொல்லி விட்டார்கள்.

தீ பெரிதாக எரியும்போது ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். உயிர்காக்கும் மருந்து, ஆனால் முகம் உப்பும், எலும்பு பலவீனப்படும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். நம் தேசத்தில் க்ஷயரோகம் தலைதூக்காமலும் பார்த்துக் கொள்ள வேண்டும். அதனால்தான் தணல் அடங்க அடங்க டாக்டர் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார். சிறுநீரகம் தாக்கப்பட்டால் வேறு பலமான மருந்துகளும் உண்டு.

தாய்மார்களின் கேள்விகள்

"அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். முகம் வீங்கியிருக்கிறதே, மாத்திரையை நிறுத்தி விடலாமா?" கூடாது, அம்மா, கூடவே கூடாது! வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும் நாளில், அதைச் சுரக்க வேண்டிய சரீரத்துச் சுரப்பி வேலையை மறந்து தூங்கிப் போகிறது. திடீரென்று நிறுத்தினால் பெண் மயங்கி விழுவாள், உயிருக்கே ஆபத்து. போதாததற்கு, அடங்கிய வியாதியும் திரும்பிவிடும். முக வீக்கம் மருந்தின் அளவு குறையும்போது தானே வடியும். போன சிறுநீரகம் திரும்பி வருமா?

"பிள்ளை வீட்டாரிடம் மறைத்து விடலாமா?" மறைத்தால் என்ன நடக்கும்? புருஷன் வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவாள். ஒரு நாள் விடுவாள், பத்து நாள் விடுவாள். வெயிலில் வடகம் பிழியச் சொன்னால் மறுக்க வாய் வராது. அந்தக் கல்யாணத்துக்கு முதல் பலி அவள் சிறுநீரகம்தான். டாக்டரிடமே மாப்பிள்ளையை அழைத்துப்போய்ப் பேசச் செய்யுங்கள். கேட்டுவிட்டுப் போகிறவன் போகட்டும்; கேட்ட பிறகும் நிற்கிறவனே மாப்பிள்ளை.

"குழந்தை பிறக்குமா?" பிறக்கும். ஆனால் நாள் பார்த்துப் பிறக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் வியாதி அடங்கியிருந்த பிறகே கருத்தரிப்பது நல்லது. சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு. அவற்றை முன்கூட்டியே மாற்றித் தருவார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடர்வதே வழக்கம். குழந்தையின் இருதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய ஓர் எதிர்ப்பொருளும், ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கும் வேறோர் எதிர்ப்பொருளும் தாயின் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று முன்னமே பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கண்காணிப்பு உண்டு, வழி உண்டு.

"நாட்டு மருந்து, எதிர்ப்புச் சக்தி லேகியம் கொடுக்கலாமா?" இங்கே வம்பே காவற்படை அளவுக்கு மீறிப் பாய்வதுதானே! அதற்கு மேலும் தார்க்குச்சி போடுவானேன்? எது கொடுப்பதானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து கொள்ளுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? போகும்போது கைப்பையில் குடையும் மாத்திரையும் இருக்கட்டும்.

"பத்தியம்?" பெரிதாக ஒன்றுமில்லை. உப்பைக் குறைக்க வேண்டும். சாத்தூர் சேவும் ஊறுகாயும் அப்பளமும் நாக்குக்குச் சரி, ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்புக்குச் சரியில்லை. பால், மோர், கேழ்வரகு, கீரை எலும்புக்கு நல்லவை.

வெயில் ஊரில் நிழல் தேடுவது

காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை வெளியே போக வேண்டாம். போயே ஆக வேண்டுமானால் குடை, முழுக்கை ரவிக்கை, முகத்துக்கும் கைக்கும் வெயில் தடுப்புக் களிம்பு. மேகமூட்டத்திலும் அந்தக் கதிர்கள் இறங்கும் என்பதை மறவாதீர்கள். ஆலையில் வேலை செய்கிற பெண்ணென்றால், காயப்போடும் களத்து வேலையை விட்டு நிழலில் இருந்து செய்யும் வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால் கேட்பதில் வெட்கமில்லை. வீட்டில் புகை பிடிக்கிறவர் இருந்தால் அவரை வாசலுக்கு அனுப்புங்கள்; நிறுத்தியே விட்டால் இன்னும் விசேஷம்.

தொழிலாளர் காப்புறுதியான இ.எஸ்.ஐ.யில் உரிய நாட்கள் சந்தா செலுத்தியிருந்தால், வைத்தியத்தோடு, வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மூட்டு வாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டுமானால், பக்கத்தில் மதுரை ராஜாஜி மருத்துவமனை. மேலே சென்னைப் பொது மருத்துவமனை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் தனித் துறைகள் உண்டு.

கடைசியாக ஒன்று. 1955-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் கணக்குப் பார்த்தபோது, லூபஸ் என்று கண்ட நாலு வருஷத்துக்குள் பாதிப் பேர் இறந்து போயிருந்தார்கள். இன்றைக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிற இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பத்து வருஷத்தைத் தாண்டி வாழ்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், பேரன் பேத்தி எடுக்கிறார்கள். இடையில் ஒரே நாளில் நடந்த அற்புதம் எதுவும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், மாத்திரையை விடாமல் சாப்பிட்டார்கள், மாதாமாதம் பார்த்துக் கொண்டார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ, 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய பெண் யாராவது இருந்தால், இந்த வாரம் அவளைச் சற்று உற்றுப் பாருங்கள். கன்னம் சிவந்திருக்கிறதா? விரல் வீங்கியிருக்கிறதா? திட்டுவதை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்று வந்தால் சந்தோஷம். இருக்கிறது என்று வந்தாலும், காலத்தில் வந்தோம் என்று ஆறுதல்.